விதை கட்டாத கஞ்சாச் செடி

கஞ்சாச் செடியின் உடல் உயிரணு ஒவ்வொன்றிலும் தாய்வழிப் பத்தும் தந்தைவழிப் பத்துமாக 20 குரோமோசோம்கள் இருக்கின்றன. இவ்வாறு இரண்டு தொகுதிகளை உடைய செடி இருமடியம் எனப்படும். தொகுதிகள் மூன்றானால் மும்மடியம், நான்கானால் நான்மடியம். இரண்டுக்கு மேற்பட்டு அமையும் நிலை எதுவாயினும் அதற்குப் பன்மடியம் என்பது பொதுப்பெயர். கோதுமையும் கரும்பும் இயல்பாகவே பன்மடியங்களாக இருக்க, கஞ்சாவில் அந்நிலையைப் பெரும்பாலும் வேதிப்பொருளின் துணைகொண்டே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு வழிகாட்டியது ஊமத்தை. அமெரிக்க அறிஞர்களான பிளேக்ஸ்லீயும் ஏவரியும் 1937ஆம் ஆண்டில், கோல்ச்சிசின் என்னும் நஞ்சைக்கொண்டு ஊமத்தை முதலிய செடிகளில் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யலாம் என்று நிறுவினர். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் உருவாகாதபடி இந்நஞ்சு தடுப்பதால், இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய வழியின்றி ஒரே உயிரணுவுக்குள் தங்கிவிடுகின்றன. திண்டுக்கல், திருப்பூர் வட்டாரங்களில் உழவர்கள் பயிரிடும் கண்வலிக்கிழங்கின், அதாவது செங்காந்தளின் விதையிலும் இந்த நஞ்சே உள்ளது. அவ்விதைக்கு வெளிநாட்டுச் சந்தை அமைந்ததற்கும் அதுவே காரணம்.

குரோமோசோம் இரட்டித்தால் மருந்துப்பொருளும் இரட்டிக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. கனடிய ஆய்வாளர்கள் ஒரைசலின் என்னும் களைக்கொல்லியால் உண்டாக்கி 2019இல் விவரித்த நான்மடியச் செடிகளில் இலைகளும் இலைத்துளைகளும் பெரிதாயின. போதை தராத கன்னாபிடியால் சிறிதளவே கூடியது. போதை தரும் பொருளில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை.

உண்மையான பயன் மும்மடியத்தில்தான் இருக்கிறது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்று நெடுந்தொலைவு சுமந்து செல்வதால், நாருக்காக ஒருவர் வளர்க்கும் வயல், மருந்துக்காக வேறொருவர் வளர்க்கும் பெண் பூக்களைக் கருவுறச் செய்துவிடும். கருவுற்ற பூ தன் ஆற்றலை விதைக்குத் திருப்புவதால் பிசினும் அதிலுள்ள மருந்துப்பொருளும் குறையும். நான்மடியத்தையும் இருமடியத்தையும் கலந்து பெறும் மும்மடியத்திலோ, மூன்று தொகுதிகளும் இணைசேர்ந்து சமமாகப் பிரிய இயலாமையால், மகரந்தம் விழுந்தாலும் மிகச் சில விதைகளே உண்டாகின்றன; விதையில்லாத் தர்ப்பூசணி பிறப்பதும் இம்முறையிலேயே. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம், போதை குறைந்த கஞ்சா வகைகளின் சாகுபடிக்கு வழிதிறந்த பின்னர், அண்டை வயல்களின் மகரந்தத்தால் இழப்புறும் உழவருக்கு இது மெய்யான பாதுகாப்பாகிறது.

ஆயினும் மும்மடியம் தன் விதையால் தொடராது. ஆகவே வளர்ப்பாளர் நான்மடியத் தாயையும் இருமடியத் தந்தையையும் தனித்தனியே பேணி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும், அல்லது தேர்ந்த செடியைத் தண்டுத் துண்டுகளால் பெருக்க வேண்டும்.