நடுவரை நியமிப்பது யார்?

(தர்மபுரி ஜில்லாவில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



தேர்தல் கமிஷனின் நடுநிலைமையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இது டில்லிக்காரர்கள் பேச வேண்டிய சங்கதி, உழுது பிழைக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். வேறு எந்த ஜில்லாக்காரர் அப்படி நினைத்தாலும் இந்த ஜில்லாக்காரர் நினைக்க நியாயமில்லை. 2019-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி இங்கே பார்லிமெண்டுத் தேர்தலும் பாப்பிரெட்டிப்பட்டி சட்டசபை இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. அந்தத் தொகுதியில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்து, 8 ஓட்டுச்சாவடிகளில் மே 19-ந் தேதி மறுபடியும் ஓட்டுப்பதிவு நடத்தும்படி கமிஷன் உத்தரவிட்டது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெயிலில் நின்று போட்ட ஓட்டு ஒரே உத்தரவில் இல்லாமற் போயிற்று. ஜனங்கள் மறுபடியும் வந்து வரிசையில் நின்றார்கள். அந்த உத்தரவு எந்தக் கட்சிக்காரருடைய உத்தரவும் அல்ல என்கிற நம்பிக்கை இருந்தால்தானே இப்படி நிற்க முடியும்? அந்த நம்பிக்கை போய்விட்டால் தேர்தல் என்பது வெறும் திருவிழாவாகத்தான் முடியும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இவ்வளவு அதிகாரமுள்ள கமிஷனர்களை நியமிப்பது யார் என்பதேயாகும்.

அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வருகிறது. பஞ்சாயத்தாரைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் உட்காருகிறார்கள். ஒருவர் அண்ணன், இன்னொருவர் அண்ணன் பொறுக்கி எடுத்த ஆள், மூன்றாமவர் தம்பி. தம்பியையும் கலந்துதானே முடிவு செய்தோம் என்று பிறகு ஊரில் சொல்லுகிறார்கள். இதை நியாயம் என்று நீங்கள் ஒப்புவீர்களா? 2023 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டம் இப்படித்தான் இருக்கிறது. பிரதம மந்திரி, அவர் பெயர் சொல்லுகிற ஒரு மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூன்று பேர் கொண்ட கமிட்டியின் சிபார்சின்படி ஜனாதிபதி நியமிக்க வேண்டுமாம். இரண்டு பேர் ஒரு பக்கம் இருக்கும்போது மூன்றாமவருடைய ஆட்சேபணைக்கு என்ன மரியாதை? 2024 மார்ச்சில் இந்தச் சட்டப்படி முதல் நியமனம் நடந்தபோதும், 2025 பிப்ரவரியில் தலைமைக் கமிஷனரை நியமித்தபோதும் எதிர்க்கட்சியின் ஆட்சேபணை காகிதத்தில் ஏறியது, நியமனமும் நடந்தேறியது.

இந்த ஆபத்து யாருக்கும் முன்னமே தோன்றாத ஒன்றல்ல. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் இந்த விதி வந்தபோது, ஷிபன் லால் சக்சேனா என்பவர், நியமனத்தைப் பார்லிமெண்டின் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றார். டாக்டர் அம்பேத்கரும், தகுதியற்ற ஒருவரையோ சர்க்கார் சொற்படி ஆடக்கூடிய ஒருவரையோ நியமிப்பதைத் தடுக்க இதில் வழியில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கடைசியில் 324-வது விதி, பார்லிமெண்டு சட்டம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. 1950 முதல் 73 வருஷம், எந்தக் கட்சி ஆண்டாலும், அந்தச் சட்டத்தைச் செய்யவில்லை. ஆளுகிறவருக்கு அதில் சௌகரியம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. 2023 மார்ச் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் வரும் வரையில் பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் சிபார்சு செய்யட்டும் என்றது. அதே வருஷக் கடைசியில் சட்டமும் வந்தது. தலைமை நீதிபதி இருந்த நாற்காலியில் மந்திரி உட்கார்ந்தார்.

தலைமை நீதிபதி மட்டும் கடவுளா என்று கேட்கிறார்கள். கடவுள் அல்லதான், அவரும் நம்மைப்போல ஒரு மனிதரே. ஆனால் அவர் தேர்தலில் நிற்கிறவரல்ல. பிரதம மந்திரியும் மந்திரியும் நிற்கிறவர்கள். வித்தியாசம் இவ்வளவுதான், இதுவே போதும்.

நீக்குவது கஷ்டமாயிற்றே என்றும் சொல்லுகிறார்கள். தலைமைக் கமிஷனரை நீக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்குகிற அளவு பிரயாசை வேண்டும் என்பது வாஸ்தவம். மற்ற இருவருக்கு அவ்வளவு காப்பு இல்லை. தலைமைக் கமிஷனர் சிபார்சு செய்தால் நீக்கலாம். 1989 அக்டோபரில், பொதுத்தேர்தலுக்குச் சற்று முன், புதிதாக இரண்டு கமிஷனர்களை ஒரு சர்க்கார் நியமித்தது. 1990 ஜனவரியில் அடுத்த சர்க்கார் அந்த இரண்டு பதவிகளையே எடுத்துவிட்டது. நினைத்தால் ஏற்றவும் இறக்கவும் கூடிய பதவிக்குச் சுதந்திரம் என்று பெயரா?

இன்னும் சிலர், சேஷன் வந்து எல்லாரையும் நடுங்க வைக்கவில்லையா, அப்படி ஒருவர் மறுபடியும் வருவார் என்கிறார்கள். இது அவதாரத்துக்குக் காத்திருக்கிற புத்தி. 1990 முதல் 1996 வரை அவர் கண்டிப்பாக நடந்தது பாராட்டத்தக்கதே. அவர் அப்படி நடந்தது அவருடைய சுபாவம். அடுத்தவர் சுபாவம் வேறாக இருந்தால் என்ன செய்வது? நல்ல மனிதன் வந்தால்தான் நடக்கும் என்கிற ஏற்பாடு ஏற்பாடே அல்ல. யார் வந்தாலும் தப்புச் செய்ய முடியாதபடி இருப்பதே ஏற்பாடு.

அதிகாரம் காரணம் சொல்லவும் கடமைப்பட்டிருக்க வேண்டும். 2025-ல் பீகாரில் ஜாபிதாவைத் திருத்தியபோது நகல் ஜாபிதாவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. யார் யார், என்ன காரணம் என்பதை வெளியிடும்படி ஆகஸ்டு 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட வேண்டியிருந்தது. கேட்காமலே சொல்ல வேண்டியதைக் கோர்ட்டு கேட்டுச் சொல்வதா? காரணம் கேட்காதே, நம்பு என்று சொல்லுவது புரோகிதன் வேலை. ஜனங்கள் பணத்தில் நடக்கிற ஆபீசின் வேலையல்ல.

தோழர்களே! நம் பக்கத்து யோக்கியதையையும் பார்க்க வேண்டும். பணப் பட்டுவாடாவினால் 2017-ல் சென்னை ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்ய நேர்ந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, கற்பூரத்தின் மேல் அடித்த சத்தியத்துக்குப் பயந்து ஓட்டுப் போடுகிறவன், நடுவர் நடுநிலையாக இல்லை என்று எந்த வாயால் கேட்பான்? வாங்கினவனுக்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை, ஓட்டு அவனவன் புத்திக்கே சொந்தம் என்று வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

கடைசியாக மூன்று காரியம். நியமனக் கமிட்டியில் ஆளுங்கட்சிக்கு மெஜாரிட்டி கூடாது. மூன்று கமிஷனர்களுக்கும் ஒரே காப்பு வேண்டும். நீக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் வெளியாக வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். எதிர்க்கட்சியாயிருக்கையில் ஆம் என்பவர், ஆளுங்கட்சியான பிறகும் ஆம் என்கிறாரா என்று கவனியுங்கள்.