பதுளையா, பண்டாரவளையா?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்திற் செய்த பேச்சு)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், குடியிருப்பதற்கு ஏற்ற பட்டினம் பதுளையா, பண்டாரவளையா என்பது. “லயத்துக் கூரை ஒழுகுகிறது, இவர்கள் இரண்டு பட்டினங்களை நிறுத்துப் பார்க்க வந்துவிட்டார்களே!” என்று பெரியவர்கள் எண்ணலாம். அந்த எண்ணத்திலும் நியாயம் உண்டு. எனினும், கொஸ்லந்தைப் பகுதித் தோட்டங்களிலே சாதாரண தரம் தேறிய பிள்ளையுள்ள எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு எழாமல் இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் பேர் பதிய இடமில்லை. பதியப் பிள்ளைகளுக்கும் மனமில்லை. கொழும்புக் கடைகளுக்கும் தையற் தொழிற்சாலைகளுக்கும் போனவர்களின் கதை நமக்குத் தெரியும். பஸ் ஏறினாற் போய்ச் சேரக்கூடிய இரண்டு பட்டினங்கள் நமக்கு என்ன தரும் என்பதை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் சுவாத்தியம். பண்டாரவளை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 அடி. பதுளை சுமார் 2,200 அடி. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். ஆயினும் இங்கே கம்பளி, அங்கே விசிறி! பண்டாரவளையில் தென்மேற்குப் பருவ மழையின் வேகத்தை மேற்கு மலைகள் தடுத்துவிடுகின்றன. ஆடி, ஆவணியில் அங்கே வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தை வாங்கிக் கொடுத்தது. பதுளையோ நமுனுகுல மலை பார்த்திருக்க, ஆறு சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பது, வெப்பமானது, கார்த்திகை, மார்கழி மழையை நன்றாக வாங்குவது. சுவாத்தியம் ஒன்றையே பார்த்தாற் பண்டாரவளைக்குத்தான் மாலை. ஆனால் காற்றைக் குடித்து யாரும் குடும்பம் நடத்துவதில்லை அன்றோ?

இனி, இவ்விரு பட்டினங்களும் வளர்ந்த வரலாற்றைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் ‘கோச்சி’ என்று சொன்ன ரயில் 1894இற் பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து பதுளைக்கு இறங்க 1924 வரை சென்றது. முப்பது ஆண்டுகள்! தெமோதரையிற் பாதை வளைந்து தன் அடியிலேயே தான் நுழைந்து செல்வதைக் கண்டவர்கள், அந்தத் தாமதத்தின் காரணத்தை உணர்வார்கள். நெடுங்காலம் பாதையின் முடிவிடமாக இருந்த பண்டாரவளை, சரக்கு ஏறி இறங்கும் ஊராகவும், குளிர் தேடி வரும் துரைமார் தங்கும் ஊராகவும் வளர்ந்தது. கடையும் ஹோட்டலுமே அதன் குணமாயின. பதுளையின் குணம் வேறு. முத்தியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் உள்ள பழைய ஊர் அது. 1886இல் ஊவா தனி மாகாணமானபோது அதற்குத் தலைநகராயிற்று. கச்சேரியும் நீதிமன்றமும் அங்கே. 1988இல் வந்த மாகாண சபையும் அங்கே. சுருங்கச் சொன்னால், பண்டாரவளை சந்தைப் பட்டினம். பதுளை உத்தியோகப் பட்டினம்.

இந்த வேற்றுமை நம்மை எப்படித் தொடுகிறது என்பதே கேள்வி. கையிற் பணமுள்ளவனுக்குப் பண்டாரவளை அள்ளிக் கொடுக்கும். காய்கறி வியாபாரம் செய்யலாம், கடை திறக்கலாம், எல்லவுக்கு வரும் உல்லாசப் பயணிகளால் வரும் வருமானத்திலும் பங்கு பெறலாம். ஆனால் குளிருக்காகவும் பயணிகளுக்காகவும் தேடப்படும் ஊரில் நிலம் மலிவாகக் கிடைக்காது. முதல் இல்லாதவன் பிறர் கடையிற் சம்பளத்துக்கே நிற்க வேண்டும். பதுளையிலோ மாகாணத்துக்கே தலைமையான பெரியாஸ்பத்திரி இருக்கிறது. 2005இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பமும் ஒரு பட்டப் படிப்பு. பாட்டிமார் கூடையிற் சுமந்த கொழுந்தைப் பேத்திமார் விஞ்ஞானமாகக் கற்கும் காலம் இது! இவற்றுக்கெல்லாம் முதல் வேண்டியதில்லை, முயற்சி வேண்டும். இல்லாதவனுக்கு ஊரின் பொதுச் சொத்தே சொந்தச் சொத்து. நமது பேச்சின் சாரம் இதுவே. பண்டாரவளைக்கு அருகிலும் பிந்துனுவெவவில் ஆசிரியர்களை உருவாக்கும் ஊவா தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு என்பதை மறைக்கமாட்டோம். ஆயினும் மொத்தத்தில், பொதுச் சொத்தின் தட்டுப் பதுளைப் பக்கமே தாழ்கிறது.

நிற்க. பெரியோர் மனத்தில் உள்ள வேறொன்றையும் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1983 ஜூலையிற் பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கூட்டத்தினராற் கொல்லப்பட்டனர். இரண்டு பட்டினங்களுக்கும் வடு உண்டு. “பட்டினம் வேண்டாம், தோட்டத்திலேயே கிட” என்று தகப்பனார் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த நினைவு நிற்கிறது. அதை நாம் இகழவில்லை. ஆனால் அச்சத்தை மட்டும் முதுசமாகப் பெற்றுக்கொள்ள இளைஞர்களால் இயலாது. எரிந்த கடைகளைத் திரும்பக் கட்டியவர்களும் நம்மவர்களே. சிங்களத்தை நன்றாகக் கற்று, தமிழை விடாமற் காத்து, அயலவரோடு முகங்கொடுத்துப் பழகுவதே பட்டினத்துக்குப் போகிறவனுக்குப் பாதுகாப்பு. மிஷன் பள்ளியிற் படித்த நாம் பல மதத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து இதைக் கற்றோம். திருநீற்றை அழிக்காமலே கற்றோம்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஒன்று இருக்கிறது. அது கதவிலக்கம். பட்டினத்திலே வீட்டுக்கு இலக்கம் உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு. கடிதம் நேரே உரியவர் கைக்கு வரும். லயத்திலே பல காம்பராக்களுக்குத் தோட்டத்தின் பெயரே விலாசம். நேர்முகப் பரீட்சைக்கு வரும் கடிதம் தோட்டத்துக் கந்தோரிலே கிடந்து, திகதி கடந்தபின் கைக்கு வந்தால் அந்தப் பிள்ளையின் எதிர்காலம் என்னாவது? பட்டினவாசி வரி செலுத்துகிறான். தெரு விளக்கு எரியாவிட்டால் மாநகர சபையைக் கேட்கிறான். நமக்கோ, தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடச் சட்டத் தடை இருந்தது. 2018இற் செய்த சட்டத் திருத்தமே அதற்கு வழி திறந்தது. பாதையும் தண்ணீரும் பட்டினத்தில் உரிமை. தோட்டத்திலோ அவை நெடுங்காலம் துரையின் தயவாகவே இருந்தன.

உரிமையில்லாத இடத்தில் உயிருக்கும் உறுதியில்லை என்பதைக் கொஸ்லந்தை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீரியபெத்தை மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு நிலம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை வந்தது. 2023 மார்ச்சிற் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்களை அழித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை பதுளை மாவட்டத்தையே கலக்கியது. “எங்கே குடியிருப்பது?” என்ற கேள்வி நமக்கு வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, வாழ்வா சாவா என்ற கேள்வி.

ஆகவே நமது தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். படிக்கப் போகிறவனும், உத்தியோகம் தேடுகிறவனும், நோயாளியை வைத்துப் பார்க்க வேண்டியவனும் பதுளைக்குப் போகட்டும். சிறு முதல் சேர்த்தவனும், வயோதிபத் தாய் தந்தையரை லயத்தில் விட்டுவைத்திருப்பவனும் பண்டாரவளையை நாடட்டும். பெரகலையில் ஏறி அப்புத்தளை வழியாகவோ, பூனாகலை வழியாகவோ அவன் ஊர் வந்து சேரலாம். பதுளையிலிருப்பவனோ ஹாலிஎல வழியாக மலையேறிப் பண்டாரவளைக்கு வந்து, அங்கிருந்து ஊர் திரும்பலாம். இருவரிலும் நமது முதல் ஆதரவு பதுளைக்குப் போகிறவனுக்கே. கல்வியில் அவன் பெறுவதை, முதலே இல்லாத அவன் தம்பியும் பின்னாற் பெறலாம்.

முடிவாக, மூன்று விண்ணப்பங்கள். பெற்றோர்களே, பதினாறு வயதிற் கடைக்கு அனுப்பும் பிள்ளையை இன்னும் இரண்டாண்டு உயர்தரம் படிக்க விடுங்கள். தோழர்களே, பட்டினத்திலே “எந்த ஊர்?” என்று கேட்டால், தோட்டத்தின் பெயரை விழுங்காமற் சொல்லுங்கள். சங்கத்தாரே, கிராம சேவகரையும் தபாலதிபரையும் கண்டு, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கமும் விலாசமும் பெற்றுக் கொடுக்கும் முயற்சியை இந்த ஆண்டின் திருப்பணியாக ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டிய படிவங்களை நிரப்பும் வேலையைப் படித்த நாம் செய்கிறோம். கோயிலுள்ள ஊரிற் குடியிருப்பதே நன்று என்பது உலகநீதி காட்டிய நெறி. நம் தோட்டங்களிற் கோயில் இல்லாத குறை இல்லை. குடியிருப்பவனுக்கு இலக்கமில்லாத குறையே உண்டு. அதுவும் தீர முருகப் பெருமான் துணை நிற்பாராக.