கராஜில் கிடக்கும் பெட்டிகளும் சின்னப் பதிப்பகங்களும்

(நமது வானொலியில் ஒலிபரப்பான மாதாந்த உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக வருமானவரி, சுப்பர் பணம் என்று பேசுகிற நான் இந்த மாதம் புத்தகம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கலையகத்தில் இருந்த தம்பி ஒருவர், "அண்ணை, உங்களுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் படித்தது வணிகம், செய்வது கணக்காளர் வேலை. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள், எங்களில் வயதானவர்கள் சிலரும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கே அனுப்புவது, யார் எடுப்பார்கள், காசு யார் கொடுப்பது என்ற கேள்விகளோடு அவர்களில் சிலர் என்னிடமும் வருகிறார்கள்.

2023ஆம் ஆண்டு யூலை மாதம், கறுப்பு யூலை நடந்து நாற்பது ஆண்டு நிறைந்த அதே மாதத்தில், அவுஸ்திரேலியாவின் பெரிய நாவல் பரிசான மைல்ஸ் பிராங்க்ளின் பரிசு சங்கரி சந்திரனுக்குக் கிடைத்தது. பரிசுத்தொகை 60,000 டொலர். 'சாய் ரைம் அற் சினமன் கார்டின்ஸ்' என்ற அந்த நாவல் மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் நடக்கிறது. இல்லம் ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது, யுத்தமும் கூடவே வருகிறது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த செய்தி. அதற்கு முந்திய கதை அவ்வளவாகத் தெரியாது. அவருடைய முதல் நாவல் 'சோங் ஒஃப் த சன் கோட்'. இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. அதை இந்த நாட்டுப் பதிப்பகங்கள் எடுக்கவில்லை, இங்கே அது விற்காது என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சங்கரியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கன்பராவில் வளர்ந்த ஒரு சட்டத்தரணியின் நாவல் 2017இல் கொழும்பில், பெரேரா ஹுசைன் என்ற சிறிய பதிப்பகத்தின் மூலம் வெளிவந்தது. பிறகு, ஹார்டி கிரான்ற் என்ற உள்ளூர்ச் சுயாதீன நிறுவனம் 2020இல் தொடங்கிய அல்ரிமோ பிரஸ் அவருடைய எழுத்தை எடுத்தது. பரிசு பெற்ற நாவலும், முன்பு வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த முதல் நாவலும் 2022இல் அங்கிருந்தே வந்தன. அகதிகளின் தடுப்புமுகாமைப் பற்றிய 'சேஃப் ஹேவன்' 2024இல் வந்தது. இன்னும் வாசிக்காதவர்கள் உங்கள் பகுதி நூலகத்தில் கேளுங்கள்.

இதிலே எனக்கு ஒரு கணக்குத் தெரிகிறது. பெரிய பதிப்பகத்துக்கு எங்கள் சனத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. அவர்களுக்குக் கட்டுப்படியாகிற எண்ணிக்கை வேறு. ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாவலின் விலை 33 டொலர் என்று வையுங்கள். அதிலே 3 டொலர் ஜிஎஸ்ரி, அது அரசாங்கத்துக்குப் போய்விடும். மிச்சம் 30. புத்தகக் கடைக்காரர் ஏறக்குறைய 13 எடுப்பார். விநியோகஸ்தருக்கு 6. எழுதியவருக்கு வழமையான உரிமைத்தொகை பத்து வீதம், அதாவது 3. அச்சுக்கூலி 4. ஆகப் பதிப்பகத்தின் கையில் நிற்பது 4 டொலர். பிழை திருத்த, செப்பனிட, அட்டைப்படம் போட, விளம்பரம் செய்ய 10,000 டொலர் செலவானால், 2,500 பிரதி விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். பெரிய கட்டடமும் பங்குதாரர்களும் உள்ள நிறுவனம் 2,500 பிரதிக்காக எழும்பி நிற்காது. மூன்று நாலு பேர் வேலைசெய்கிற சின்னப் பதிப்பகம் அந்த 2,500க்காகவே உயிரைக் கொடுக்கும். கிரியேற்றிவ் அவுஸ்திரேலியா போன்ற அரச அமைப்புகளின் உதவித்தொகையும் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் துணிவு வரும். ஆகவே எங்களைப் போன்ற சிறு சமூகத்தின் கதைக்கு முதலில் கதவு திறக்கிற இடம் பெரும்பாலும் சின்ன இடமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்கவேண்டாம். 2016இல் இதே மைல்ஸ் பிராங்க்ளின் பரிசை வென்றது ஏ. எஸ். பற்றிச் எழுதிய 'பிளாக் றொக் வைற் சிற்றி'. பொஸ்னிய யுத்தத்திலே பிள்ளைகளை இழந்து, சரயேவோவிலிருந்து மெல்பேர்ணுக்கு வந்த கணவன் மனைவியின் கதை. ஊரில் பல்கலைக்கழகத்தில் இருந்த மனிதன் இங்கே ஆஸ்பத்திரியில் கிளீனர். இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. எங்களிலும் எத்தனை ஆசிரியர்மார் இரவிலே கந்தோர்களைக் கூட்டித் துடைத்தார்கள்! அந்த நாவலை வெளியிட்டது ட்ரான்சிற் லவுஞ் என்ற மெல்பேர்ண் சிறு பதிப்பகம். 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலும் இலண்டனில் 'சோர்ட் ஒஃப் புக்ஸ்' என்ற மிகச் சிறிய பதிப்பகத்தால்தான் உலகத்துக்கு வந்தது.

சரி, இனி எங்கள் வழக்கத்துக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

ஒரு அன்பர் வரிப் படிவம் நிரப்ப வந்தபோது, புத்தகம் அடித்த செலவைக் கழிக்கலாமா என்று கேட்டார். சென்னையில் ஐந்நூறு பிரதி அச்சடித்து, கப்பலில் இறக்கியிருந்தார். முழுச் செலவும் அவருடையது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், வடை, தேநீர், மங்கல விளக்கு எல்லாம் இருந்தன. முதற்பிரதி வாங்கியவர் கவரில் வைத்துக் கொடுத்தார், சிறப்புப் பிரதி வாங்கியவர்களும் கொடுத்தார்கள். நூற்றுச் சொச்சம் பிரதி அன்று போய்விட்டது. மிச்சம் பெட்டிபெட்டியாகக் கராஜில் இருக்கிறது. கார் வெளியே நிற்கிறது. கவர் கொடுத்தவர்களில் எத்தனைபேர் வாசித்தார்கள் என்று அவரே கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. அவருடைய எழுத்து நல்ல எழுத்து. வன்னியிலிருந்து குடும்பத்தோடு நடந்து வந்த கதையைப் பிசகில்லாமல் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் புத்தகத்தை ஒரு செம்மையாக்குநர் பார்க்கவில்லை, கடைக்குப் போகவில்லை, நூலகத்துக்குப் போகவில்லை. ஐஎஸ்பிஎன் எண்கூட இல்லை.

வெளியீட்டு விழாவை நான் குறைசொல்லவில்லை. எங்கள் சனம் கூடி ஒருவருக்குத் தோள்கொடுக்கிற இடம் அது. ஆனால் எழுதியவர் தன் காசைப் போட்டு, தானே சுமந்து, தானே விற்பதைப் பதிப்பித்தல் என்று கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாது. இன்னொரு வகையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிற எங்கள் பிள்ளைகளுக்கு, "உங்கள் கையெழுத்துப் பிரதி தெரிவாகிவிட்டது, வாழ்த்துகள்" என்று ஈமெயில் வரும். கீழே போய்ப் பார்த்தால் சில ஆயிரம் டொலர் கட்டச் சொல்லியிருக்கும். உண்மையான பதிப்பகம் உங்களுக்குக் காசு தரும், உங்களிடம் கேட்காது. போட்டிகளுக்குச் சிறு நுழைவுக்கட்டணம் இருப்பதுண்டு, அது வேறு. பிள்ளையின் புத்தகம் என்று உருகிப்போய் வங்கி அட்டையை எடுக்கமுன்னர் ஒரு இரவு பொறுங்கள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? முழு நாவலோடு பதிப்பகக் கதவைத் தட்டுவதைவிட, ஒரு சிறுகதையோடு இலக்கியச் சஞ்சிகைக்குப் போவது நல்லது. எங்களுக்கு டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' எப்படியோ, அப்படி இந்த நாட்டிலும் சஞ்சிகைகள் இருக்கின்றன. 1954இல் தொடங்கிய 'ஓவர்லான்ட்', 1956இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் தொடங்கிய 'வெஸ்ரர்லி' இரண்டும் பழையவை. ஆசியப் பின்னணி உள்ளவர்களுக்கென்றே 2006இல் 'பெரில்' வந்தது. அடுத்த வருடம் வந்த 'மஸ்காரா' புலம்பெயர்ந்தோர் எழுத்துக்கு விசேட இடம் கொடுக்கிறது. எல்லாம் வருடம் முழுக்கக் கதவைத் திறந்து வைத்திருப்பதில்லை. சில வாரம் திறப்பார்கள், மூடுவார்கள். அந்தத் திகதியையும் எத்தனை சொல் என்ற எல்லையையும் அவர்கள் அறிவித்திருப்பதை வாசித்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும். மூவாயிரம் சொல் என்றால் மூவாயிரம்தான். வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கிற மரியாதையை இவர்களுக்கும் கொடுங்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது பெரும்பாலும் கேட்பது முதல் சில அத்தியாயங்களும் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும்தான். அந்தச் சுருக்கத்தில் முடிவையும் சொல்லவேண்டும், ஒளித்துவைக்கக் கூடாது. மாதக்கணக்கில் பதில் வராது. குறித்த காலத்தில் பதில் இல்லையென்றால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளும்படி சிலர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதிலே மனம் உடைந்துபோகிறது. விசாவுக்கு வருடக்கணக்கில் காத்திருந்த தாய்தகப்பன் பக்கத்தில் இருந்து தேற்றலாமே. இன்னொரு வழி, வெளிவராத கையெழுத்துப் பிரதிகளுக்கான பரிசுகள். விக்ரோறியா மாநிலத்தில் முதல்வர் விருதுகளோடு அப்படி ஒன்று இருக்கிறது. மக்ஸீன் பெனெபா கிளார்க்கின் 'ஃபொறின் சொயில்' 2013இல் அந்தப் பரிசோடுதான் வெளியே தெரிந்தது.

தமிழில் எழுதுகிறவர்கள், "இதெல்லாம் இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு, எங்களுக்கென்ன?" என்று நினைக்கலாம். 2025ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசு எதற்குக் கிடைத்தது தெரியுமா? பக்கத்து மொழியான கன்னடத்தில் பானு முஷ்டாக் எழுதிய சிறுகதைகளுக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிய கதைகளிலிருந்து பன்னிரண்டைத் தெரிந்து ஆங்கிலத்தில் ஆக்கியவர் தீபா பாஸ்தி. வெளியிட்டது இங்கிலாந்தில் 'அன்ட் அதர் ஸ்ரோரீஸ்' என்ற சிறு பதிப்பகம். 50,000 பவுண் பரிசை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தமிழிலும் இது நடந்திருக்கிறது. சல்மாவின் நாவலை மீனா கந்தசாமியின் மொழிபெயர்ப்பில் 2020இல் 'ரில்ற்ரட் அக்சிஸ்' என்ற இலண்டன் சிறு பதிப்பகம் கொண்டுவந்தது.

எங்கள் வீடுகளில் தகப்பன் தமிழில் எழுதுவார், மகளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. இருவரும் ஒரே மேசையில் இருந்து பத்துப் பக்கம் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்களா? தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல வீட்டுவேலை எனக்குத் தெரியவில்லை. கராஜ் அன்பருக்கு நான் சொன்னதும் அதுதான். மகள் இப்போது முதல் அத்தியாயத்தில் நிற்கிறா. 'குசினிக்குள் பங்கர்' என்பதை எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் சண்டையாம்.

ஒப்பந்தம் வந்தால் கையொப்பம் வைக்கமுன்னர் யாரிடமாவது காட்டுங்கள். 1963இல் தொடங்கிய அவுஸ்திரேலிய எழுத்தாளர் சங்கம் அங்கத்தவர்களுக்கு இதில் உதவுகிறது. முன்பணம் என்பது கடனல்ல, உங்கள் உரிமைத்தொகையில் கழிபடும், அவ்வளவுதான். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை யாரிடம் என்று பாருங்கள். பணம் கொட்டும் என்று கனவு காணவேண்டாம். 2022இல் மக்குவாரி பல்கலைக்கழகம் எடுத்த கணக்கில், இந்நாட்டு எழுத்தாளர் ஒருவருக்கு எழுத்தால் வருகிற சராசரி வருட வருமானம் 18,200 டொலர். அதேவேளை, பொது நூலகங்களில் உங்கள் புத்தகம் போதிய பிரதிகள் இருந்தால் அரசாங்கம் அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறது. பப்ளிக் லெண்டிங் றைற் என்பது அதன் பெயர். தானாக வராது, எழுதியவர் பதிய வேண்டும். பல வருடம் எழுதி ஒரே வருடத்தில் பணம் வந்தால் வரியைச் சராசரி பார்த்துக் கட்டவும் எழுத்தாளருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை வேறொரு மாதம் விபரமாகச் சொல்கிறேன்.

ஒரு விசயத்தில் மட்டும் கணக்காளராக இல்லாமல் பேசுகிறேன். எங்கள் கதைகளில் ஊரில் இருப்பவர்களும் வருகிறார்கள். தங்கள் பெயர் அச்சில் வருவதை அவர்கள் விரும்புவார்களோ தெரியாது. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், ஆனால் முதலில் கேட்கவேண்டும். அம்மா மகளிடம் இரவிலே அழுதுகொண்டு சொன்னதை அம்மாவைக் கேளாமல் சஞ்சிகைக்கு அனுப்பக் கூடாது. "வேண்டாம்" என்று அம்மா சொன்னால் அது வேண்டாம்தான்.

தன் காசில் ஏற்கனவே அடித்துவிட்டவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த நாட்டில் வெளியாகிற எந்தப் புத்தகமானாலும், தமிழ்ப் புத்தகமானாலும், ஒரு மாதத்துக்குள் ஒரு பிரதியைக் கன்பராவில் தேசிய நூலகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். 1968ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலே இருக்கிறது. உங்கள் மாநில நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள். 2005இலிருந்து எங்கள் எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவைக்கிற 'நூலகம்' திட்டத்துக்கு அனுமதியோடு ஒரு பிரதி அனுப்புங்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. பிந்திவிட்டது என்று வெட்கப்படவேண்டாம், பிந்திப் போகிற பிரதியையும் அவர்கள் எடுப்பார்கள். தபால் செலவு சில டொலர்தான்.

எந்தெந்தச் சஞ்சிகை எப்போது திறக்கிறது என்ற திகதிகளை நிலையத்து அறிவித்தல் பலகையில் ஒட்டிவைக்கத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர்கள் குறித்துக்கொண்டு போகலாம். அடுத்த மாதம் மீண்டும் வரிப் படிவத்தோடு வருகிறேன்.