பழுது எந்த இடத்தில்?

மின்மாற்றிகளின் காப்புப் பழுதறிதல் பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

மின்மாற்றியின் உயிர் அதன் காகிதத்தில் இருக்கிறது. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். சுருணையைச் சுற்றிய காகிதம் நைந்தால் நைந்ததுதான். அந்தக் காப்பில் ஒரு குமிழோ ஈரமோ தங்கினால் அங்கே பகுதி மின்னிறக்கம் தொடங்கலாம். பிகோகூலோம் கணக்கில் அளக்கவேண்டிய சின்னஞ்சிறு பொறிகள்தான். ஆனால் அவை நாள்தோறும் காகிதத்தை அரித்து ஒருநாள் மின்மாற்றியையே சாய்த்துவிடும்.

பழுது உண்டா என்று கேட்டால் விடை சொல்லக் கருவிகள் உள்ளன. 1921-இல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்கோல்ஸ் உருவாக்கிய ரிலே இன்றும் காவல் நிற்கிறது. எண்ணெயில் கரைந்த ஹைட்ரஜன் மின்னிறக்கத்தையும் அசெட்டிலீன் மின்வில்லையும் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் வாயு தொட்டி முழுதும் கலந்துவிடுவதால் பிறந்த இடம் தெரிவதில்லை.

இடத்தைத் தேட உணரிகள் வேண்டும். மின்னிறக்கம் எழுப்பும் மீயொலி எண்ணெயில் நொடிக்கு ஏறத்தாழ 1400 மீட்டர் செல்கிறது. தொட்டிச் சுவரில் பொருத்திய ஒவ்வோர் உணரியையும் அது எட்டும் நேரத்தை ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கிறோம். 100 மைக்ரோநொடி பிசகினால் தூரக் கணக்கில் 14 சென்டிமீட்டர் பிசகும். மின்காந்த அலையைப் பிடிக்கும் யூஎச்எஃப் உணரிக்கோ ஒரு நானோநொடியே 20 சென்டிமீட்டர்.

என் இளமையில் ஒரு துணைமின்நிலையத்தில் நான்கு உணரிகளைக் கிரீஸ் தடவிக் காந்தப் பிடியால் சுவரில் பொருத்தினோம். கணக்கு காட்டிய புள்ளியில், வரைபடத்தின்படி, எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை. மூத்த ஃபோர்மேன் ஒருவர் ஓர் உணரியை ஒரு சாண் நகர்த்தச் சொன்னார். நேரம் மாறியது; ஆனால் ஒலி எண்ணெய் வழி வந்திருந்தால் அந்த மாற்றம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும். எஃகுச் சுவர் வழியே ஒலி சில மடங்கு வேகத்தில் முந்தி வந்திருந்தது. அந்த முன்னலையை ஒதுக்கியதும் புள்ளி ஓர் இணைப்புக் கம்பியின்மேல் விழுந்தது. பிறகு தொட்டியைத் திறந்தோம். அந்தக் கம்பியின் காகிதச் சுற்றில் தலைமுடி இழைபோல் ஒரு கருந்தடம் ஓடியிருந்தது.

உணரி தருவது நேரம் மட்டுமே. ஒலி வந்த வழியை, மின்மாற்றியின் உள்ளமைப்பை அறிந்தவரே சொல்ல முடியும். ஆகவே இந்த அவையிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். வெறும் எண்ணெய்த் தொட்டியில் சரிபார்த்த கணிப்புமுறைகளைச் சுருணையும் உள்ளகமும் தடுப்பட்டைகளும் உள்ள தொட்டியிலும் சோதியுங்கள். பழுதான மின்மாற்றியைத் திறக்கும்போதெல்லாம், உணரி காட்டிய இடத்தையும் கண்ணால் கண்ட இடத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். பிசகிய கணிப்புகளையும் மறைக்காமல் இங்கே முன்வையுங்கள். அடுத்தவர் எங்கே பிசகுவார் என்பதை அவைதாம் முன்கூட்டியே காட்டும்.

அந்த நேர்மையான உரையாடலை எதிர்நோக்கி, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.