கொதிகலன் இல்லாத ஆலை



ஓசூர் சிப்காட்டில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் பூஞ்சையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ப்ராசஸ் இன்ஜினியரிங்தான்!

நம்ம தளி, அஞ்செட்டிப் பக்கம் பைன் காடு கிடையாது. (சவுக்கில் ஊசி மாதிரித் தொங்குவது இலையே அல்ல, சிறு கிளை.) கொடைக்கானல் டூர் போனவர்கள் பைன் மரத்தடியில் ஊசியிலை மெத்தை போலக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது லேசில் மக்காது. மேலே மெழுகு, உள்ளே பிசினும், மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினும். நைட்ரஜனோ ரொம்பக் குறைவு.

இங்கிலாந்தின் பைன் காட்டில் கென்ட்ரிக், பர்ஜஸ் இருவரும் ஆராய்ந்து 1962-ல் எழுதினார்கள்: ஓர் ஊசியிலை உருத்தெரியாமல் போக ஏறக்குறைய 10 வருஷம். வேலை ஷிப்டு முறையில் நடக்கிறது. லோஃபோடெர்மியம் என்ற பூஞ்சை, இலை மரத்தில் இருக்கும்போதே உள்ளே குடியேறிவிடும். விழுந்தபின் வேறு பூஞ்சைகள் வந்து சுலபமானதைத் தின்னும். லிக்னினை உடைக்கும் காளான்கள் கடைசி ஷிப்டு.

காகித ஆலையில் இதே லிக்னினை நீக்கக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் சேர்த்து 170 டிகிரி வரை வேகவைக்கிறோம். காளானோ லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் என்ற நொதிகளைக் கசியவிட்டு, வெறும் மழை ஈரத்தில் முடித்துவிடுகிறது. என்ன, டெலிவரிக்குத்தான் வருஷக்கணக்கு! அந்த லாக்கேஸை இன்று ஜீன்ஸ் துணி வெளுக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

நம் விடுதிக்குப் பின்னால் இன்னமும் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். தம்பிகளே, ஒரு மூலையில் குவித்து நனைத்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கைவிட்டுப் பாருங்கள், சருகோடு சருகைத் தைத்த மாதிரி வெள்ளை நூல் ஓடும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது எனக்கும் காட்டுங்கள்.