அவையச்சம்



வெள்ளி விழா மேடையில் கழகத்தின் வளர்ச்சியைப் பேசுதல் மரபு. அதனைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் செவ்வனே கூறிவிட்டார்கள். நாம் வேறொன்றைப் பேச விழைகின்றோம். தேர்வில் நல்ல மதிப்பெண் பெறும் நம் பிள்ளைகளுள் பலர், நான்கு பேர் முன் எழுந்து நின்றதும் நாவறண்டு, கை வியர்த்து, தெரிந்த விடையையும் விழுங்கிவிடுகின்றனர். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தும் போகாதிருந்துவிடுவோரும் உளர்.

இதனைத் தாழ்வு மனப்பான்மை என்று மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். அச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. இல்லாத குறையை நம் பிள்ளைகள் தலையில் ஏற்றும் சொல் அது.

இரட்டைமலை சீனிவாசனார், 1939-இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் தம் நூலில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைக் குறித்துள்ளார். ஏறத்தாழ 400 மாணாக்கருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். பழகினால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாய் நடத்துவர் என்று அஞ்சி, வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வாராம். வகுப்புக் கலைந்ததும் பிறர் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். அவரே 1893-இல் 'பறையன்' என்று பெயரிட்டு இதழ் நடத்தினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். அவரிடம் தாழ்வு மனப்பான்மை இருந்தது என்று கூறத் துணிவார் யார்? உடன் படித்தோர் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்விக்கே அவர் அஞ்சினார். எந்த ஊர், எந்தத் தெரு என்னும் அக்கேள்வி இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலில் இவ்வகை அச்சம் தனியொரு கோளாறாக இடம்பெற்றது. பிறர் நம்மை எடைபோட்டு இழிவாய்க் கருதுவர் என்பதே அவ்வச்சத்தின் கரு. நம் பாட்டன்மார்க்கோ அவ்வெடைபோடுதல் கற்பனையாய் இருக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டி, வாய் பொத்தி நின்றமையே அவர்களுக்கு உயிர்க்காப்பு. பெரியவர் முன் வாய் திறவாதே என்று வீட்டில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது அக்காப்பின் மிச்சமே. பெண் பிள்ளைகளுக்கு இதனை இருமடங்காய்ச் சொல்கின்றோம்.

அச்சம் வேரூன்றும் வகையை உளநூலார் விளக்கியுள்ளனர். அஞ்சிய இடத்தை விட்டு அகன்றதும் நெஞ்சு இலேசாகின்றது. அந்த ஆறுதலே மறுமுறையும் அகலுமாறு பழக்கிவிடுகின்றது. போகாதிருப்பதனால், போனால் என்ன நேரும் என்று கண்டறியும் வாய்ப்பும் இல்லாது போகின்றது. மேலும், அஞ்சுவோனுடைய கவனம் எதிரில் இருப்போர்மீது செல்லாது, தன் குரல் நடுங்குகின்றதா, நெற்றி வியர்க்கின்றதா என்று தன்மேலேயே திரும்புகின்றது. சொல்ல வந்த செய்தி நழுவிவிடுகின்றது.

அவையினர் செய்யும் தீங்கும் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியல் அறிஞர் இருவர், உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்ப்படங்களைக் கொடுத்து நிகழ்த்திய ஆய்வினை 2004-இல் வெளியிட்டனர். சாதியை அறிவிக்காத குழுக்களில் தாழ்த்தப்பட்ட சிறுவரும் உயர்சாதிச் சிறுவரும் ஏறத்தாழ ஒப்பவே விடுவித்தனர். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலையிலும் அறிவித்த குழுக்களில், தாழ்த்தப்பட்ட சிறுவர் விடுவித்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. புதிர் அதுவே, அறிவிப்பு ஒன்றே வேறு.

ஆசிரியப் பெருமக்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். உதவித்தொகைப் படிவம் கொடுப்பதற்காக 'எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பில் கூவுவது, நல்லெண்ணத்தோடு செய்யினும், அத்தகைய அறிவிப்பேயாகும். அலுவலக அறைக்கு ஒவ்வொருவராய் அழைத்துப் படிவத்தைக் கொடுத்தால் ஆகாதா? அரைமணி நேரம் கூடுதலாகும், அவ்வளவே.

இனி நம் இளைஞர் செய்யத்தக்கது. அச்சம் போன பின் பேசுவோம் என்று காத்திருந்தால் காலமே போகும். சிறிது சிறிதாய்ப் பேசிப் பழகுவதனாலேயே அச்சம் தேயும். உளமருத்துவரும் இம்முறையைக் கையாள்கின்றனர். உணவும் உறக்கமும் கெடுமளவுக்கு அச்சம் முற்றியவர் அவர்களை நாடுவதில் வெட்கம் வேண்டா. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

கழகத்தின் மாலை வகுப்பில், முதலில் மூவர் முன் நாளிதழை உரக்கப் படிக்கட்டும். பின்னர்ப் பத்துப் பேர் முன், படித்ததைச் சொந்தச் சொல்லில் கூறட்டும். கேட்போர் நகைத்தல் கூடாது; திருத்துவதாயின் முடிந்த பின் தனியே திருத்துக. அடுத்து, ஆகஸ்டு 15-இல் கிராம சபை கூடும்போது, நம் தெருவிளக்கைப் பற்றியோ குடிநீர்க் குழாயைப் பற்றியோ ஒரே ஒரு கேள்வியை எழுந்து நின்று கேட்கட்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். கேட்டது பதிவேட்டில் ஏறிற்றா என்று பார்த்துவிட்டு வீடு திரும்பட்டும். முதல் ஆண்டில் அவர்களோடு உடன் செல்ல மூத்த உறுப்பினர் இருவரேனும் வேண்டும். இசைவோர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தரலாம்.