ஆறுபார்த்துற்ற அச்சம்



அகப்பொருள் இலக்கணத்திலே ‘ஆறுபார்த்துற்ற அச்சம்’ என்றொரு தொடர் வரும். இங்கே ஆறு என்பது நதியன்று, வழி. இரவிலே தலைவன் கடந்துவரும் மலைவழியின் இன்னல்களை நினைந்து அஞ்சுவதையே அது குறிக்கும். வகுப்பிலே பல ஆண்டுகளாக இதனைக் கற்பித்து வருகிறேன். அதற்கு நல்லதோர் உரையை நான் கண்டது, பதுளைக்கு மேலுள்ள தோட்டமொன்றின் பாதையிலே.

தார்ரோட்டிலிருந்து மேற்கணக்கு லயத்துக்கு இரண்டு மைல்கூட இல்லை. மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் செல்ல, நான்கு சில்லுகளும் இழுக்கும் ஜீப்பொன்றிலே ஏறினோம். சில வளைவுகளில் ஒரேயடியாகத் திரும்ப இயலாது. பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டும். இறங்கும்போதோ பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது என்றார் சாரதி. ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமற் போய்விடும். முதலாம் கியரிலே போட்டு, எஞ்சினையே கடிவாளமாக்கிக்கொள்ள வேண்டுமாம்.

பாதையைக் கெடுத்தது வண்டியன்று, தண்ணீர். மலையில் விழும் மழை கான் வழியே ஓடவேண்டும். கானைத் துப்புரவாக்க ஆளில்லாவிட்டால், தண்ணீர் பாதையையே கானாக்கிக்கொள்கிறது. மண் போய்க் கல் மிஞ்சுகிறது.

லயத்து வாசலிலே மாணவனின் தாயார் சொன்னார்: “நாங்க நடந்துக்குவோம் மாஸ்டர். மாசமா இருக்கிற புள்ளைய மழ நாளுல எறக்குறதுதான் பயம்.”

இலக்கணம் சொன்ன அச்சம் இதுதானே!

தம்பேதன்ன தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயரால் வழங்கும் உச்சிக்கு, ஹப்புத்தளையிலிருந்து இன்று உல்லாசப் பயணிகள் வண்டியேறிப் போகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து சுமார் ஏழு கிலோமீற்றர் ஏற்றம். அவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுதின் இன்பம். அந்த இன்பத்தை நான் குறைகூறவில்லை. அக்காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் லயத்தாருக்கோ ஏற்றம் என்பது ஆஸ்பத்திரிக்கும் தமக்கும் இடையிலுள்ள தூரம்.

லயத்து அறையின் நெருக்கடியைத் தெளிவத்தை ஜோசப் தமது ‘மீன்கள்’ சிறுகதையிலே காட்டினார். அறையிலிருந்து தார்ரோட்டு வரையுள்ள வழியையும் எழுதுங்கள் என்று என் மாணவருக்குச் சொல்லி வருகிறேன். பழைய குறிஞ்சியிலே வருகிறவனை நினைத்து அஞ்சினார்கள். நம் குறிஞ்சியிலே இறங்கிப் போகிறவளை நினைத்து அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இன்னும் நிறையப் பாட்டு வேண்டும். பாட்டுக்கு முன்னே, ஒழுங்கான பாதையும் வேண்டும்.